நேரலையில் பதினோரு விநாடி

மார்ச் 3, திங்கள்

ஹெப்சிபா இன்று நிலைய இயக்குநராகப் பொறுப்பேற்றாள். பத்து மணிக்கு வரவேற்பு என்று சுற்றறிக்கை. ஒன்பது ஐம்பதுக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் வாங்கி வைத்திருந்த ரோஜா மாலை மேஜையிலேயே கிடந்து வாடியது. "மாலையெல்லாம் வேண்டாம். வேலையப் பாப்போம்" என்றாள்.

பதினான்கு வருடங்களுக்கு முன் இதே பொருநைத் தொலைக்காட்சியில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். அப்போது முப்பத்திரண்டு வயது. இப்போது காதோரம் நரைத்திருக்கிறது, சாயம் பூசவில்லை. வடகிழக்கில் மூன்று நிலையம், தில்லியில் ஒன்று என்று சுற்றிவிட்டு எனக்கு மேலதிகாரியாகத் திரும்பி வந்திருக்கிறாள். நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரை யாரையும் போடாமல் வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

வரிசையாக எல்லாரிடமும் வந்து வணக்கம் சொன்னாள். என்னிடம், "சௌக்கியமா இருக்கீங்களா சார்?" என்றாள். அறிவிப்பாளர் சண்முகவடிவு முன்னால் மட்டும் நிற்காமல் நகர்ந்துவிட்டாள். வடிவு கூப்பிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடியும் காற்று இழுக்கிறது. நாளை ஆள் கூப்பிட வேண்டும்.

மார்ச் 5, புதன்

நிலையம் தொடங்கி இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. 22ஆம் தேதி சனிக்கிழமை காலை ஆறு முதல் மாலை ஏழு வரை பதிமூன்று மணி நேரம் இடைவிடாத நேரலையாம். பதிவு செய்து போடுவது ஒன்றுகூட இருக்கக் கூடாதாம். கூட்டத்தில் அறிவித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இசக்கியப்பன் சார் ஒருங்கிணைக்கட்டும்."

"பதினேழு நாள்தான் இருக்கு மேடம். பாதிப் பேரு லீவுல இருக்காங்க" என்றேன்.

"முடியாதுன்னா எழுதிக் குடுங்க சார். வேற ஆளப் பாக்கேன்."

இருபது பேர் முன்னால் சொன்னாள். முடியாது என்று என் வாயால் சொல்ல வைக்க வேண்டும், அதுதான் கணக்கு. நான் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

மோட்டார்க்காரன் வரவில்லை. மனைவி உலகம்மாளுக்கு முழங்கால் வீக்கம்.

மார்ச் 10, திங்கள்

நிகழ்ச்சி நிரலைக் கொண்டுபோய் வைத்தேன். ஆறு மணிக்கு நாகஸ்வரம். பிறகு யோகா, செய்தி, உழவர் தொலைபேசி, பள்ளி வினாடி வினா, சமையல், மருத்துவர் பதில்கள். மதியம் சைகை மொழியில் செய்தி, அதன்பின் வில்லுப்பாட்டு. நாலு மணிக்கு நேயர்கள் இயக்குநரோடு தொலைபேசியில் பேசுவது, பட்டிமன்றத்தோடு முடிவு. ஒவ்வொன்றுக்கும் இடையில் வந்து இணைத்துப் பேச இரண்டு அறிவிப்பாளர்கள். முதல் பெயராகச் சண்முகவடிவைப் போட்டிருந்தேன். இந்த நிலையத்திலிருந்து வெளியே போன முதல் குரலே அவளுடையதுதான்.

சிவப்பு மையால் அந்தப் பெயரை அடித்தாள்.

"நேயர்கள் எதிர்பார்ப்பாங்க மேடம்."

"ஏப்ரல்லருந்து தற்காலிக அறிவிப்பாளர் பட்டியலையே புதுசாப் போடுதோம். அதுலயும் இவங்க வேண்டாம்."

"காரணம் கேட்டா என்ன சொல்ல?"

"கேக்க மாட்டாங்க. அவங்களுக்கே தெரியும்."

வடிவுக்கு நிரந்தர வேலை கிடையாது. இருபத்தைந்து வருடமாக மாதம் ஆறேழு நாள் அழைப்பு, அவ்வளவுதான். கணவர் போன பிறகு அந்த நாட்களும் வீட்டில் எடுக்கிற டியூஷனும்தான் அவளுக்கு. இதையெல்லாம் நான் ஹெப்சிபாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லிக் கேட்கிற முகமாக இல்லை அது.

மார்ச் 11, செவ்வாய்

வடிவிடம் போனில் சொன்னேன். "நான் என்ன தப்பு செஞ்சேன் சார்?" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? மேலிடத்து முடிவு."

"அவ இங்கருந்து போனதுலருந்து எத்தன கடிதம் போட்டேன் தெரியுமா? ஒண்ணுக்கும் பதில் இல்ல. போன் போட்டா வச்சிருவா. சரி, வேலை மும்முரம்னு நினைச்சுக்கிட்டேன். இப்ப நேர்ல வந்தும் மூஞ்சியத் திருப்புதாளே."

எனக்கு அடுத்த அழைப்பு வந்ததால் வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

கேன்டீனில் பழைய கதையைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். 2011இல் வந்த மொட்டைக் கடிதம். ஹெப்சிபாவுக்கும் ஒரு கேமராமேனுக்கும் தொடர்பு என்று தலைமையகத்துக்கு யாரோ எழுதிய கடிதம். புதிதாக வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்கிறார்கள். நாலு பக்கமாம். வாய்க்கு வந்ததைச் சொல்வது. மூன்று பக்கம்தான்.

அப்போது நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். காலை நேர நேரலை ஒன்று தொடங்க வேண்டும் என்று 2009லிருந்து கேட்டுக்கொண்டிருந்தவன் நான். என் யோசனை, என் பெயர்ப்பட்டியல், தலைப்புகூட என்னுடையது, 'விடியல் முற்றம்'. அப்போதைய இயக்குநர் அதைத் தூக்கி, வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம்கூட ஆகாத ஹெப்சிபாவிடம் கொடுத்தார். ஊரெல்லாம் அவள் முகம். கடைத்தெருவில் என்னிடமே வந்து, "நீங்க ஹெப்சிபா மேடம் ஆபீஸா?" என்று கேட்டார்கள்.

கடிதம் போன மூன்றாவது வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. நாசரேத்தில் ஆசிரியர் ஒருவரோடு அவளுக்குத் திருமணம் பேசி முடித்திருந்தார்கள். அது நின்றது. வதந்தி எப்படித்தான் அங்குவரை போனதோ. அவள் அப்பா அதன்பின் கோயில் ஆராதனைக்குக்கூடப் போவதில்லை என்று சொன்னார்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. மாற்றல் மட்டும் போதும் என்றுதான் யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

முருங்கையை வெட்டிவிட்டேன். கம்பளிப்பூச்சி தாங்க முடியவில்லை. உலகம்மாள் பார்த்துவிட்டு, "ஒரு கொம்பாவது விட்டிருக்கலாம்" என்றாள்.

மத்தியானம் படுத்தும் தூக்கம் வரவில்லை. ஹெப்சிபா ஏன் வடிவைக் குதறுகிறாள் என்பது எனக்குத் தெரியும். மணப்பாட்டில் நடந்த ஒரு விஷயம் அந்தக் கடிதத்தில் இருந்தது. அதை அவள் வடிவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

மணப்பாட்டுக்குப் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் மழை. வண்டி சகதியில் மாட்டிக்கொண்டது. ஒரே வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. அவளுக்கு நல்ல காய்ச்சல். கேமராமேன் வாசல்படியில் உட்கார்ந்தே விடிய வைத்தார், காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்தார், அதில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டார். இதை ஒப்பனை அறையில் வடிவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நிகழ்ச்சி முடிந்து வந்தவள் சேலையில் குத்தியிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். கட்டுப்பாட்டு அறையில் என் காதில் ஹெட்ஃபோன் இருந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. காதில் விழுந்தது.

கடிதம் எழுதியவர் காய்ச்சலை விட்டுவிட்டார். சர்க்கரைக் கஞ்சியையும் விட்டுவிட்டார்.

மார்ச் 19, புதன்

வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் தட்டுகிற குடக்காரருக்குக் கை எலும்பு முறிவு. வேறு குடக்காரர் தேடிப் பத்து பேரிடம் பேசினேன். யோகா ஆசிரியர் தனக்குப் பின்னால் மலை தெரிய வேண்டும் என்கிறார். ஸ்டூடியோவுக்குள் மலைக்கு எங்கே போக? ஹெப்சிபா ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு முறை திருப்பி அனுப்புகிறாள். "நேரம் விநாடியோட போடுங்க சார்" என்று ஓரத்தில் எழுதுகிறாள். எனக்கு விநாடிக் கணக்குச் சொல்லித் தருகிறாள்!

மார்ச் 22, சனி

அதிகாலையிலேயே நிலையத்துக்குப் போய்விட்டேன். இன்று நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

காலை ஆறு: நாகஸ்வரம். வாயில் வைத்து ஊதும் சீவாளி வாகாக அமையவில்லை என்று கடைசி நிமிடம் வரை மாற்றிக்கொண்டிருந்தார் வித்துவான். ஆனால் வாசிக்கத் தொடங்கியதும் கேமரா பிடிக்கிற பிள்ளைகள்கூட நிமிர்ந்து நின்றார்கள். முகைதீன் மட்டும் அசையவில்லை. முகைதீன்தான் எங்கள் கட்டுப்பாட்டு அறையில் படங்களை மாற்றுகிறவர். இருபத்தைந்து வருட சர்வீஸ், என்னைவிட இரண்டு வயது இளையவர்.

ஆறரை: யோகா. பின்னால் ஒட்டிய மலைப்படம் ஆசிரியர் தலைகீழாக நிற்கும்போது பெயர்ந்து விழுந்தது. அவர் அப்படியே நின்றார்.

ஏழரை: உழவர் தொலைபேசி. ஏர்வாடிக்காரர் ஒருவர் வாழை இலைக் கருகலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தவர், "அது கிடக்கட்டும், காலையில பேசுத அம்மா எங்க? இது புதுப் பிள்ளையால்லா இருக்கு?" என்றார். முதல் கேள்வி அது. அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. வினாடி வினாவின்போது ஏழு பேர். சமையலின்போது பதினொரு பேர். எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறித்து, ஒரு தாளில் எழுதி ஹெப்சிபாவின் மேஜையில் வைத்தேன். அவள் படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

வினாடி வினாவில் இரண்டு பள்ளிகள் சம மதிப்பெண். ஓர் ஆசிரியை எழுந்து, தீர்ப்பு தவறு என்று மைக் இல்லாமலே கத்தினார். நேரலையில் அதுவும் போயிற்று. பத்தரைக்குச் சொதி செய்த அம்மாவுக்கு அடுப்பு அதிகமாகித் தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. "இப்படித் திரிஞ்சா என்ன செய்யணும்னு இப்ப சொல்லித் தாரேன்" என்று அடுத்த நொடியே தொடங்கினார். கெட்டிக்காரி.

சைகை மொழிச் செய்தி ஒரு பிசகில்லாமல் போனது. வில்லுப்பாட்டுக்குப் புதுக் குடக்காரர் முதல் அடியிலேயே நிமிர்த்திவிட்டார். இவ்வளவுக்கும் ஒரு பாராட்டு கிடையாது. நடைபாதையில் என்னைப் பார்த்து, "மூணு மணி இடைவெளியில நாப்பது விநாடி இழுத்துட்டீங்க சார்" என்றாள், அவ்வளவுதான்.

நாலு மணி: 'இயக்குநருடன் பேசுங்கள்'. அவள் ஸ்டூடியோவில். அழைப்புகளை எடுத்து, ஊரும் பெயரும் கேட்டு, உள்ளே இணைக்கும் வேலை என்னுடையது.

நாலு பதினெட்டுக்கு மூன்றாவது இணைப்பை எடுத்தேன்.

"வணக்கம். ஒரு நேயர் பேசுதேன்."

இரண்டாவது சொல்லுக்கு முன்பே தெரிந்துவிட்டது, வடிவு. வைத்துவிடு என்று சொல்லியிருக்கலாம். "எந்த ஊரும்மா?" என்று மட்டும் கேட்டேன். "பாளையங்கோட்டை" என்றாள். "அடுத்தது நீங்கதான்" என்றேன். நேயர் ஒருவரைத் தடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. தவிர, ஹெப்சிபாவின் முகம் நேரலையில் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"வணக்கம் மேடம். காலையிலருந்து பாத்துட்டு இருக்கேன். நாகஸ்வரம் நல்லா இருந்துச்சு. திரிஞ்ச பாலை அந்தம்மா சமாளிச்சது அதைவிட நல்லா இருந்துச்சு."

"நன்றி. கேள்வி இருக்கா?" ஹெப்சிபாவின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

"இருக்கு. உங்க நிலையத்துல ஒருத்தர் மேல சந்தேகம் வந்தா கூப்பிட்டு வச்சு என்னன்னு கேப்பீங்களா? இல்ல, கேக்காமலே பேரை அடிச்சிருவீங்களா?"

"என்னை யாரும் கூப்பிட்டு வச்சுக் கேக்கலம்மா. நேரா ரயிலேத்தி விட்டாங்க."

"அது தப்புதான மேடம்?"

"தப்புதான்."

"அப்ப அதையே எனக்கு எதுக்குச் செய்த, ஹெப்சி?"

ஹெப்சிபா வாயைத் திறக்கவில்லை. நேரலையில் மூன்று விநாடி மௌனம் இருந்தாலே வியர்த்துவிடும். என் எதிரே கடிகாரத்தில் நாலு, ஐந்து, ஆறு என்று ஓடியது.

"சார், கட் பண்ணட்டுமா?" என்றார் முகைதீன்.

"வேண்டாம், ஓடட்டும்" என்றேன்.

பதினோரு விநாடி. பிறகு அவள் பேசினாள். இயக்குநர் பேச்சாக இல்லை.

"நான் ஒருத்திகிட்ட மட்டுந்தான் சொன்னேன் வடிவுக்கா. உன்கிட்ட. அந்தக் கடிதத்துல மழையும் அந்த வீடும் அப்படியே இருந்துச்சு. மாற்றல் உத்தரவு குடுக்கும்போது வாசிச்சுக் காட்டுனாங்க. அன்னைக்கே உன்னைக் கொன்னுட்டேன் மனசுல."

"நீ சொல்லும்போது உன் சேலையில மைக் குத்தியிருந்துச்சு, ஹெப்சி. பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நீ பேசி முடிச்சப்புறம் நான்தான் அமத்துனேன். அந்தப் பக்கம் யாரு காதுல போச்சோ. கேட்டிருந்தியன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீதான் கேக்கவே இல்லையே."

"கட்" என்றேன்.

முகைதீன் பொத்தானை அழுத்திப் பாட்டுக்கு மாற்றினார். அழுத்தும்போது திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

பட்டிமன்றம் குறித்த நேரத்தில் தொடங்கியது. என்ன பேசினார்கள் என்று நினைவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

உலகம்மாள் நேற்று முழுக்க டிவி முன்னாலேயே இருந்திருக்கிறாள். காலையில் தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.

"அந்த மைக்குச் சத்தம் யாருக்குங்க கேக்கும்?"

"கட்டுப்பாட்டு அறையில இருக்கிற யாருக்கும் கேக்கும்."

"அப்ப யாரு இருந்தா?"

"எத்தனையோ பேர் வருவாங்க போவாங்க."

கல்லிலிருந்த தோசையை என் தட்டில் போட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நின்னப்ப நீங்க வந்து எங்கிட்டச் சொல்லி வருத்தப்பட்டீங்க. கண்ணுகூடக் கலங்குச்சு. நான் ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல" என்றாள்.

இரண்டாவது தோசை வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஹெப்சிபா வந்ததும் 2011ஆம் வருடத்துப் பணிப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறாள். யார் எந்த நேரம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்கள் என்று அதில்தான் இருக்கும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட பதிவேடுகளை மூன்று வருடம் முன்பே கழித்துக் கட்டிவிட்டார்கள். அந்தக் கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். விதிப்படிதான் செய்தேன்.

பதினொரு மணிக்கு என்னை அழைத்தாள். கண் வீங்கியிருந்தது.

"அந்தச் சமயத்துல இங்க இருந்தவங்கள்ல மிச்சம் நீங்களும் முகைதீனும்தான். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா சார்?"

"பதினாலு வருஷமாச்சே மேடம். காலை நேரத்துல பெரும்பாலும் முகைதீன்தான் இருப்பார்."

பொய் இல்லை. முகைதீன் பெரும்பாலான காலைகளில் இருப்பார்தான்.

மாலையில் முகைதீனுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போய்விட்டது.

மார்ச் 25, செவ்வாய்

முழங்காலுக்குத் தைலம் வாங்கினேன். உலகம்மாள் வாங்கி அலமாரியில் வைத்தாள். தேய்க்கவில்லை.

மார்ச் 26, புதன்

முகைதீன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். இருபத்தைந்து வருடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசியதில்லை.

"சார், அன்னைக்கு நான் லீவு. என் மகளுக்குப் பேர் வச்ச நாளு. நீங்கதான் எனக்குப் பதிலா உக்காந்தீங்க. மறுநாள் வந்தப்ப, மணப்பாட்டுக் கஞ்சி கதை தெரியுமான்னு எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சீங்க."

எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

"இத்தன வருஷமா சொல்லலியே?" என்றேன்.

"நீங்க எழுதுவீங்கன்னு நான் நினைக்கல சார். ஆபீஸ்ல யாரோ பேசுனது எப்படியோ வெளிய போயிருக்கும்னு விட்டுட்டேன். சனிக்கிழமை 'கட்'னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான்." குறிப்பாணையை என் மேஜையில் வைத்தார். "இப்ப என் பேரைச் சொல்லியிருக்கீங்க. அதையும் மேடமே சொன்னாங்க. நாளைக்குச் சாயங்காலம் என் விளக்கத்தைக் குடுக்கணும். அதுக்குள்ள நீங்க போயிருங்க. இல்லன்னா நான் எழுதிருவேன்."

"மிரட்டுதீரா?"

"ஆமா."

மார்ச் 27, வியாழன்

நன்றாக யோசித்து, மனசாட்சிப்படி நானே போய்ச் சொல்வது என்று முடிவு செய்தேன். மூன்று மணிக்குப் போனேன்.

"மேடம், அன்னைக்குக் கட்டுப்பாட்டு அறையில நான்தான் இருந்தேன்."

அவள் எழுதிக்கொண்டிருந்தாள். "சரி. அப்புறம்?"

"கடிதமும் நான்தான்."

பேனாவை மூடி வைத்தாள். திட்டுவாள், அழுவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அதற்கெல்லாம் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன்.

"எதுக்கு சார்?"

"விடியல் முற்றம் என் யோசனை. அப்ப இருந்த இயக்குநர் தூக்கி உங்ககிட்டக் குடுத்துட்டார்."

"அதுக்கா?" என்றாள். "நாப்பத்தோரு நாள்தான் சார் அதைச் செஞ்சேன்."

நாசரேத்துக்கும் நான்தான் எழுதினேனா என்று கேட்டாள். ஒரே ஒரு கார்டு என்றேன். தலையை ஆட்டினாள், மறுநாள் நிரலை ஒப்புக்கொள்கிற மாதிரி.

"மாற்றலாகிப் போன முதல் வருஷம் ஒரு நோட்டுல பேரெல்லாம் எழுதினேன். யாரு யாரு மேலெல்லாம் சந்தேகமோ அவங்க பேரு. பன்னெண்டு பேரு. ஒவ்வொருத்தரா அடிச்சுக்கிட்டே வந்து கடைசியில வடிவுக்கா மட்டும் நின்னா. அந்தப் பன்னெண்டுல நீங்க இல்ல சார். உங்க நெனப்பே வந்ததில்ல."

பேனாவை மறுபடி திறந்தாள்.

"எழுதிக் குடுங்க. இந்தத் தடவ கீழ உங்க பேரைப் போடுங்க."

வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். மாற்றல், நின்றுபோன கல்யாணம், அவள் அப்பா, வடிவு, எல்லாம் நினைவுக்கு வர வேண்டிய நேரம். பன்னிரண்டு பேரில் நான் இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த நிலையத்தில் அவளுக்கு எதிராக அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யக்கூடிய ஆள் என்றுகூட என்னை அவள் எண்ணியிருக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

எழுத உட்கார்ந்தேன். அன்று மூன்று பக்கம் தடங்கலில்லாமல் வந்தது. இன்று ஐந்து வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாலு மணிக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. என் மேஜைச் சாவியை முகைதீன்தான் எண்ணி வாங்கிக்கொண்டார். வாசல்வரை வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

உலகம்மாளிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். தன் தங்கை வீட்டுக்கு ஆழ்வார்குறிச்சிக்குப் போகிறாளாம். எப்போது வருவாய் என்றேன். பையில் சேலையை மடித்து வைத்துக்கொண்டே, "மோட்டார்க்காரன் நாளைக்கு வருவான், வீட்டுல இருங்க" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

முகைதீனுக்கு நானே போன் செய்தேன். எடுப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

ஹெப்சிபா செவ்வாய்க்கிழமை வடிவு வீட்டுக்குப் போயிருக்கிறாள். துணைக்கு முகைதீன். வடிவு கதவைத் திறந்தாளாம், உள்ளே கூப்பிடவில்லையாம். பட்டியலில் மறுபடியும் பெயரைச் சேர்த்துவிட்டேன், வா என்று ஹெப்சிபா அழுதிருக்கிறாள். வாசலில் நின்றபடியே வடிவு சொன்னது: "அவரு எழுதினாரு, சரி. அதை நான்தான் சொல்லியிருப்பேன்னு நெனச்சது நீதான? பதினாலு வருஷம் நெனச்சியே. இனி உங்கூட ஒரு அறையில உக்காந்து எனக்குப் பேச்சு வராது."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன சார்? வந்துட்டோம்" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

விசாரணைக்கு மதுரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலை எட்டரைக்கெல்லாம் புதிய பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டேன். கூட்டம். எந்த நடைமேடை என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் வடிவின் குரல் கேட்டது. முதலில் ஏதோ பழைய பதிவு என்றுதான் நினைத்தேன். தென்காசி வண்டி தாமதமாக வரும் என்று சொன்னபோது, பதிவில்லை என்று புரிந்தது.

பேருந்து நேரம் கேட்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு மைக், ஒரு குறிப்பு நோட்டு, காலைச் சாப்பாட்டு டப்பா. திரும்பிப் போயிருக்கலாம். எதற்கு அந்தக் கண்ணாடி வரை நடந்தேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க என்று எழுதினால் அது உண்மையாக இருக்காது. பன்னிரண்டு பேரில் இல்லாதவனை இவளாவது ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று போயிருப்பேன்.

என்னைப் பார்த்தாள். நான்தான் என்று தெரிந்துகொண்டாள். கண்ணாடி ஓட்டை வழியாக எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"மதுரை வண்டி எங்க நிக்குது?"

பதில் சொல்ல அவள் என் பக்கம் குனியவில்லை. மைக்கை இழுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. மதுரை செல்லும் பேருந்து ஐந்தாவது நடைமேடையில் நிற்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படும்."

பேருந்து நிலையம் முழுவதும் கேட்டது. அவள் நோட்டைத் திருப்பி அடுத்த வரியில் விரலை வைத்தாள். எனக்குப் பின்னால் நின்ற அம்மா, "நகருங்க, நானும் கேக்கணும்லா" என்றாள். நகர்ந்தேன்.

ஐந்தாவது நடைமேடையில் வண்டி ஏறி உட்கார்ந்தேன். புறப்படும்வரை பாபநாசம், தூத்துக்குடி, வள்ளியூர் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓர் ஊர்ப் பெயரில்கூடக் குரல் தடுமாறவில்லை.